ஒரு கோடி இருந்தால் தகுதி வந்துவிடுமா?

சவூதியில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். பெயரும் ஊரும் வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டுள்ளார். தனியார் முதலீட்டு நிதி ஒன்றில் சேரும்படி அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. குறைந்தபட்சத் தொகை 1 கோடி ரூபாய். தம்மிடம் உள்ளது 60 இலட்சம். மைத்துனர் 25 இலட்சம் தருவதாகச் சொல்கிறார். மீதி 15 இலட்சத்துக்குத் தங்கையின் நகைகளை விற்றுக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. முதலீடு முழுவதும் இவர் ஒருவர் பெயரிலேயே இருக்கும். ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு இலாபம் குறையாது என்று முகவர் வாய்மொழியாக உறுதி கூறியிருக்கிறார். ஷரீஅத் ஆலோசனைக் குழு ஒன்றின் சான்றிதழ் நகலையும் கொடுத்திருக்கிறார். "இது ஹலாலா?" என்பதுதான் சகோதரரின் கேள்வி.

அந்த ஒரு கேள்வியோடு அவர் நிறுத்திக்கொண்டதுதான் எனக்குக் கவலை தருகிறது. இந்தப் பணம் யாருடையது, இதை இழந்தால் தாங்க முடியுமா என்ற கேள்விகளும் மார்க்கத்தின் கேள்விகளே. ஹலால் என்ற சொல்லை ஒரு முத்திரையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டதால் அவை நமக்கு மறந்துவிடுகின்றன.

முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். இத்தகைய நிதிகளை 'மாற்று முதலீட்டு நிதி' என்றும், ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.ஐ.எஃப். என்றும் அழைக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு மே மாதம் செபி வெளியிட்ட விதிமுறைகளின் கீழ் இவை இயங்குகின்றன. பத்திரிகையில் விளம்பரம் செய்து பொதுமக்களிடம் பணம் திரட்ட இவற்றுக்கு அனுமதியில்லை. திட்ட விளக்க ஆவணத்தைத் தனித்தனியாகக் கொடுத்துத்தான் ஆள் சேர்க்க முடியும். சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரு முதலீட்டாளர் போட வேண்டிய தொகை குறைந்தது 1 கோடி. ஒரு திட்டத்தில் பொதுவாக 1,000 பேருக்கு மேல் சேர முடியாது. நிதியின் மொத்தத் தொகை 20 கோடிக்குக் குறையக் கூடாது.

கூட்டாக முதலிடுவதற்கும் விதி உண்டு. 1 கோடியை இருவர் சேர்ந்து போடலாம். ஆனால் அந்த இருவர் கணவன் மனைவியாகவோ, பெற்றோரும் பிள்ளையுமாகவோ இருத்தல் வேண்டும். மைத்துனரோடும் தங்கையோடும் சேர்ந்து போட வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனித்தனியே 1 கோடி போட்டாக வேண்டும். எனவே நம் சகோதரரின் ஏற்பாடு, சட்டம் மூடிய வாசலைத் தவிர்த்துப் பின்பக்கமாக நுழைவதற்கு ஒப்பாகும். நிதியின் பேரேட்டில் இவர் பெயர் மட்டுமே இருக்கும். நாளை தகராறு வந்தால் மைத்துனரும் தங்கையும் அந்த நிதியின் கண்ணுக்கு யாரோ எவரோ. கணக்கு அறிக்கை அவர்களுக்கு வராது. கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடையாது.

இந்த 1 கோடி வரம்பை ஒரு கௌரவமாகச் சிலர் எண்ணுகிறார்கள். "தகுதியுள்ளோருக்கு மட்டும்" என்று முகவர் சொல்லும்போது உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. உண்மையில் அது ஓர் எச்சரிக்கைப் பலகை. சாதாரணக் குடும்பங்கள் சேரும் பரஸ்பர நிதிக்கு உள்ள கட்டுப்பாடுகளும் வெளிப்படைத்தன்மையும் இங்கே அந்த அளவுக்கு இல்லை. இழப்பைத் தாங்கும் வசதியும், ஆவணத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றலும், ஆலோசகரை வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உள்ளவர் என்று அனுமானித்தே சட்டம் சற்று விலகி நிற்கிறது. 2021இல் 'அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர்' என்றொரு வகையைச் செபி ஏற்படுத்தியது. அதற்குத் தனிநபரின் ஆண்டு வருமானம் 2 கோடி, அல்லது நிகரச் சொத்து ஏழரைக் கோடி, அதிலும் பாதி நிதிச் சொத்துகளாக இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகோல்கள் உள்ளன. செல்வந்தர் என்று சட்டம் யாரைக் கருதுகிறது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். வாழ்நாள் சேமிப்பைத் திரட்டி, நகையையும் சேர்த்து 1 கோடியை எட்டிப் பிடிப்பவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஷரீஅத்தும் தகுதியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் அளவுகோல் வேறு. அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் அவர்களைச் சோதித்துப் பார்க்கும்படியும், திருமண வயதை அடைந்து, பகுத்தறியும் பக்குவம் தென்பட்ட பின்னரே ஒப்படைக்கும்படியும் சூரத்துன் னிஸா பணிக்கிறது. அப்பக்குவத்துக்கு 'ருஷ்த்' என்று பெயர். பொருளை வீணாக்காமல் நிர்வகிக்கும் திறனே ருஷ்த் என்பது பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபினர் மார்க்க ஒழுக்கத்தையும் அதனோடு சேர்ப்பர். சொத்துக்குச் சொந்தக்காரனாகவே இருந்தாலும் ருஷ்த் இல்லாதவன் கையில் அது கொடுக்கப்படுவதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று சட்டம் கேட்கிறது; அதைக் கையாளத் தெரியுமா என்று மார்க்கம் கேட்கிறது. அதே இடத்தில், செல்வத்தை நம் வாழ்வை நிலைநிறுத்தும் ஊன்றுகோலாகக் குர்ஆன் அடையாளம் காட்டுகிறது. ஒரு குடும்பம் எந்தப் பணத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறதோ, அந்தப் பணத்தை எட்டு ஆண்டு முடக்கும் துணிகர முதலீட்டுக்கு அனுப்பலாமா என்பதை அவரவரே சிந்திக்கட்டும்.

இங்கே தங்கையின் நகையைப் பற்றி ஒரு வார்த்தை. மஹராக வந்ததும், தாய்வீட்டில் போட்டதும் பெண்ணின் தனிச்சொத்து. அதில் கணவனுக்கோ அண்ணனுக்கோ அணுவளவும் உரிமையில்லை. "அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்" என்பது சம்மதமாகாது. இலாப நட்டம் இரண்டையும் அவளுக்கு விளக்கிச் சொல்லி, அவள் மனமொப்பித் தந்தாலொழிய அதைத் தொடுவது கூடாது. கடற்கரையோரத்து நம் ஊர்கள் சிலவற்றில் வீடே பெண் பெயரில் இருக்கும் வழக்கத்தை முன்னோர் ஏன் ஏற்படுத்தினார்களோ, அந்தத் தொலைநோக்கை நகை விஷயத்திலும் கடைப்பிடிப்பது நல்லது.

அடுத்து, திரட்டிய பணத்தை நிதியின் மேலாளர் எதில் போடுவார் என்ற கேள்வி. இதை 'முதலீட்டு உத்தி' என்கிறார்கள். இது இக்காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் உறவினரான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் பிறரிடம் முளாரபா முறையில் பொருள் கொடுக்கும்போது மூன்று நிபந்தனைகளை விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. என் பணத்தில் உயிர்ப்பிராணிகளை வாங்கக் கூடாது. அதைக் கடல் வழியே கொண்டுசெல்லக் கூடாது. வெள்ளம் பாயும் ஓடையில் அதை வைத்துக்கொண்டு தங்கக் கூடாது. இவற்றை மீறினால் என் முதலுக்கு நீயே பொறுப்பு. எத்தனை தெளிவு பாருங்கள்! நோயில் மடியும் சரக்கு, மூழ்கும் கப்பல், திடீர் வெள்ளம் என்று அக்காலத்து ஆபத்துகள் மூன்றையும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள்.

செபியின் விதியும் இதே பாதையில்தான் செல்கிறது. நிதியின் உத்தி திட்ட விளக்க ஆவணத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதில் முக்கியமான மாற்றம் செய்வதானால், முதலீட்டின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு உடையோரின் சம்மதம் தேவை. ஹகீம் (ரலி) அவர்கள் வாயால் சொன்ன நிபந்தனைகளுக்கு ஈடாக நம் கையில் இருப்பது அந்த ஆவணம் ஒன்றுதான். அதைப் படிக்காமல் கையெழுத்திடுபவர் நிபந்தனை ஏதுமின்றிப் பணத்தை ஒப்படைத்தவர் ஆகிறார். ஆவணம் ஆங்கிலத்தில், நூறு பக்கத்துக்கு மேலும் இருக்கலாம். படித்துச் சொல்ல ஒரு தணிக்கையாளருக்குச் சில ஆயிரம் கொடுப்பதை நம்மவர்கள் வீண்செலவாக நினைக்கிறார்கள். கல்யாண வீட்டு அலங்காரத்துக்கு அவ்வாறு நினைப்பதில்லை.

இந்நிதிகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகையில் புதிய தொழில்கள், சிறுதொழில்கள், உள்கட்டமைப்பு போன்றவற்றில் முதலிடும் நிதிகள் அடங்கும். இரண்டாம் வகையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் நிதிகளும் உண்டு, நிறுவனங்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிதிகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வகைப் பெயர் என்பதால், "இரண்டாம் வகை, பதிவு பெற்றது" என்ற சொல்லில் மயங்கிவிடக் கூடாது. கடன் நிதி என்றால் பேச்சுக்கே இடமில்லை, அது ரிபா. மூன்றாம் வகையினர் நிதியின் மதிப்பைப் போல் இருமடங்கு வரை பொறுப்பேற்று, முன்பேர ஒப்பந்தங்களிலும் ஈடுபட அனுமதி பெற்றவர்கள். கையில் இல்லாத பங்கை விற்பதும் அவர்களது உத்திகளில் ஒன்று. அவ்வகையில் ஷரீஅத்துக்கு உட்பட்டு நடத்துவது மிகக் கடினம். பங்கு நிதியாயினும், அது வாங்கும் நிறுவனம் மதுவிலோ வட்டித் தொழிலிலோ ஈடுபட்டிருக்கிறதா, வட்டிக் கடன் எவ்வளவு என்பனவற்றைப் பார்க்க வேண்டும். பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்குகளுக்கு, பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி அமைப்பு, வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தையும், ஆகாத வருமானம் 5 சதவீதத்தையும் தாண்டக் கூடாதென்று வரம்பு வைத்திருக்கிறது.

இனி, முகவர் சொன்ன 15 சதவீதத்துக்கு வருவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் கிராளு பற்றிய பாடத்தில் ஒரு நிகழ்ச்சி உள்ளது. கிராளு என்பது முளாரபாவின் மறுபெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் படையோடு இராக் சென்று திரும்புகையில், பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுநிதிப் பணத்தை அவர்களிடம் கடனாகக் கொடுத்தார்கள். இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் சேர்த்துவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. இலாபமும் கிடைத்தது. உமர் (ரலி) அவர்கள் விசாரித்த முதல் விஷயம், படையில் இருந்த எல்லோருக்கும் இவ்வாறு கொடுக்கப்பட்டதா என்பதே. இல்லை என்றதும், முதலையும் இலாபத்தையும் ஒருசேர வைக்கும்படி உத்தரவிட்டார்கள். அப்துல்லாஹ் மௌனமாக இருந்தார். உபைதுல்லாஹ்வோ, பணம் குறைந்தோ அழிந்தோ போயிருந்தால் அதை ஈடுசெய்யும் பொறுப்பு எங்களுடையதல்லவா என்று வாதிட்டார். அவையில் இருந்த ஒருவர், இதைக் கிராளு ஆக்கிவிடலாமே என்று யோசனை சொல்ல, உமர் (ரலி) அவர்கள் முதலையும் இலாபத்தில் பாதியையும் பொதுநிதிக்கு எடுத்துக்கொண்டார்கள். மறுபாதி புதல்வர்களுக்குச் சென்றது.

உபைதுல்லாஹ்வின் வாதத்தைக் கவனியுங்கள். நட்டத்துக்கு யார் பொறுப்போ அவருக்கே இலாபம் என்பது அதன் உட்பொருள். முளாரபாவில் நட்டம் முதலுடையவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ மட்டுமே முதலுக்குப் பொறுப்பாவார். இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே முதல் பத்திரம், இலாபம் 15 சதவீதத்துக்குக் குறையாது என்று ஒருவர் சொல்லும் நொடியில், அது முளாரபா அன்று. கடனும் வட்டியும் ஆகிவிட்டது. வியப்பு என்னவெனில், நாட்டின் சட்டமும் இதே இடத்தில் நிற்கிறது. மாற்று முதலீட்டு நிதியின் மேலாளர் நிச்சய இலாபம் தருவதாக எந்த முதலீட்டாளருக்கும் வாக்களிக்கக் கூடாது என்பது செபியின் நடத்தை விதி. முகவரின் அந்த ஒரு வாக்கியம் ஷரீஅத்தையும் சட்டத்தையும் ஒருங்கே மீறியிருக்கிறது.

எல்லோருக்கும் கொடுக்கப்பட்டதா என்ற உமர் (ரலி) அவர்களின் கேள்வியும் பழையதாகிவிடவில்லை. பெரிய முதலீட்டாளருக்குத் தனிச்சலுகை, சிறியவருக்கு மிச்சம் என்ற போக்கு இந்நிதிகளில் இருந்துவந்தது. ஒரு திட்டத்தின் முதலீட்டாளர்களுக்கு அவரவர் தொகைக்கேற்பச் சம உரிமை வேண்டுமென்று 2024இல்தான் செபி விதியைத் திருத்தியது.

செலவுகளும் உண்டு. ஆண்டுக்கு 2 சதவீத மேலாண்மைக் கட்டணமும், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய இலாபத்தில் 20 சதவீதப் பங்கும் இத்தொழிலில் பரவலான வழக்கம். 1 கோடிக்கு 2 சதவீதம் 2 இலட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 2,36,000 ரூபாய். எட்டு ஆண்டுக்கு 18,88,000. நிதி நட்டத்தில் ஓடினாலும் இது போய்க்கொண்டிருக்கும். பழைய ஃபிக்ஹு நூல்களின் முளாரபாவில் உழைப்பவருக்கு நிலையான கூலி கிடையாது. இக்கால அறிஞர்கள் முகவர் ஒப்பந்தம், அதாவது வகாலா என்ற அடிப்படையில் கட்டணத்தை அனுமதிக்கின்றனர். ஆகுமானது என்பதற்காக அது சுமை இல்லை என்றாகிவிடாது.

முதல் இரு வகை நிதிகளும் குறைந்தது 3 ஆண்டு முடக்கம் உடையவை. பல நிதிகள் ஏழெட்டு ஆண்டு செல்கின்றன. மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மேலும் 2 ஆண்டு நீளலாம். நடுவில் மகளுக்கு மணம் கூடிவந்தாலும், தந்தைக்கு அறுவை சிகிச்சை என்றாலும் எடுக்க முடியாது. விற்கச் சந்தையும் இல்லை. பணத்தை ஒரே தவணையில் வாங்காமல், தேவைப்படும்போது கேட்டு வாங்கும் நிதிகள் உண்டு. கேட்டபோது கட்டத் தவறினால் அபராதமும், சில ஒப்பந்தங்களில் போட்ட பணத்தில் ஒரு பகுதியை இழப்பதும் நேரும். ஆண்டறிக்கையில் காணும் மதிப்பு காகிதத்தில் உள்ள மதிப்பு. நிறுவனத்தை யாராவது வாங்கும் நாளில்தான் உண்மை விலை தெரியும்.

இவையெல்லாம் நேர்மையான நிதியின் ஆபத்துகள். நேர்மையற்றதன் கதை நம் சமுதாயத்துக்குத் தெரியாததன்று. பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் வட்டியில்லா முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டி, 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீழ்ந்தது. ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் மோசடி என்று விசாரணை அமைப்புகள் கூறின. 40,000க்கும் மேற்பட்டோர் புகார் கொடுத்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். முதலீட்டாளர்கள் வைப்பாளர்களாக அன்றி, வரையறுத்த பொறுப்புடைய கூட்டு நிறுவனங்களின் கூட்டாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தனர். கூட்டாளியின் மூலதனம் சட்டத்தின் பார்வையில் வைப்புத்தொகை ஆகாது. ஷிர்கத், கூட்டு வியாபாரம் என்ற மார்க்கச் சொல் கேட்டு மகிழ்ந்தவர்கள், அதே சொல் வைப்பாளருக்குரிய பாதுகாப்பைத் தங்களிடமிருந்து பறித்ததை அறியவில்லை. பெரிய மனிதர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்ற ஆறுதலும் போதாது. துபாயின் அப்ராஜ் நிறுவனத்தின் 100 கோடி டாலர் மருத்துவ நிதியில் கேட்ஸ் அறக்கட்டளையும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யும் சேர்ந்திருந்தன. எங்கள் பணம் எங்கே என்று அவை கேட்கத் தொடங்கியபின், 2018இல் அந்நிறுவனம் சரிந்தது. முதலீட்டாளர் பணத்தை நிறுவனச் செலவுக்குத் திருப்பியதற்காக 2019இல் துபாய் நிதிச் சேவை ஆணையம் 31 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது.

என் போன்ற மதரஸா ஆசிரியர்களையும் மார்க்க அறிஞர்களையும் குறித்து ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷரீஅத் சான்றிதழ் என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பார்த்துத் தரப்படுவது. பணம் எழுதியபடி செலவாகிறதா என்பதைத் தணிக்கை செய்தால்தான் அறிய முடியும்; மேலாளரின் நாணயத்துக்கோ தொழிலின் வெற்றிக்கோ அது சாட்சியாகாது. இதை மக்களுக்கு எடுத்துச் சொல்லாமல் ஜுப்பாவோடு மேடையில் அமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஆலிம், ஷாஹிதாக அன்றி விளம்பரப் பலகையாக நிற்கிறார். சான்றிதழுக்குக் கையொப்பமிட்டவர்கள் யார், ஆண்டுதோறும் தணிக்கை உண்டா, அதற்கு ஊதியம் யார் தருகிறார்கள் என்று கேட்க வாசகர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. அவ்வாறே மேலாளர் தம் சொந்தப் பணம் எவ்வளவு போட்டிருக்கிறார் என்றும் கேட்கலாம். முதல் இரு வகைகளில் நிதித் தொகையில் இரண்டரை சதவீதம் அல்லது 5 கோடி, இதில் எது குறைவோ அதை நிதியின் அமைப்பாளரோ மேலாளரோ போட்டு வைத்திருக்க வேண்டுமென்பது விதி.

செபியின் பதிவு எண் உண்மையானதா என்பதைச் செபியின் பட்டியலில் நேரடியாகச் சரிபார்க்கலாம். பதிவே இல்லாமல் பணம் வாங்குவோர் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் செய்யலாம். வைப்பாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் உள்ளன. ஆனால் மைத்துனரும் தங்கையும் அண்ணன் பெயரில் போட்ட பணத்துக்கு இவற்றில் எளிதான வழி கிடைக்காது.

நம் சகோதரருக்கு நான் சொல்வது இதுதான். மைத்துனர் பணத்தையும் தங்கை நகையையும் இப்பேச்சிலிருந்து விலக்கிவிடுங்கள். விலக்கியதும் 1 கோடி வராது. இந்த நிதியின் வாசலும் தானே அடைபட்டுவிடும். உங்கள் 60 இலட்சத்தில் குடும்பச் செலவுக்கும் ஹஜ்ஜுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கியபின் மிஞ்சுவதில் ஒரு பகுதியை, தெரிந்த வியாபாரத்தில், எழுத்தில் ஒப்பந்தம் செய்து, நீங்களே கணக்குப் பார்க்கும் நிலையில் போடலாம். டாட்டா எதிக்கல், டாரஸ் எதிக்கல் போன்ற பரஸ்பர நிதிகள் ஷரீஅத் வடிகட்டலோடு சிறு தொகைக்கும் திறந்திருக்கின்றன. அவற்றிலும் முதலுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வேண்டும்போது விற்றுப் பணமாக்கலாம்.

எதில் போட்டாலும் நாமினி பெயரை எழுதும்போது வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் எழுதுங்கள். நாமினி வாரிசு அல்லர். பணத்தைப் பெற்று ஃபராயிள் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவர். நாமினிக்குப் பங்குகள் முழுச் சொந்தமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. முடங்கிக் கிடக்கும் முதலீட்டுக்கு ஜகாத் ஆண்டுதோறும் கொடுப்பதா, கைக்கு வந்தபின் கொடுப்பதா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.